கண்ணில் படும் வேலையும் கைக்கு எட்டும் படிப்பும்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கும். ஃபர்ஸ்ட் குரூப்பா, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பா, காமர்ஸா, இல்லை பாலிடெக்னிக்கில் சேர்த்துவிடலாமா? பேச்சு படிப்பைப் பற்றியதுதான். ஆனால் அதில் அதிகம் அடிபடுவது வேலை. "அதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று அப்பா கேட்பார். "பெரியம்மா பையன் அதைத்தான் படிச்சான், இப்ப பெங்களூர்ல இருக்கான்" என்று அம்மா சொல்வார். 15 வயதுப் பிள்ளையின் வாழ்நாள் முழுவதையும் பற்றிய முடிவு, அந்த வீட்டுக்குத் தெரிந்த நாலைந்து பேர் இன்று என்ன செய்கிறார்கள் என்பதை வைத்து எடுக்கப்படுகிறது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. உலகம் முழுக்கக் குடும்பங்கள் இப்படித்தான் முடிவெடுக்கின்றன. வேலைச் சந்தை மாறும்போது பெற்றோரின் முடிவு எப்படி மாறுகிறது, அதனால் ஏழை வீட்டுப் பிள்ளை மேலே வர முடிகிறதா என்பதைப் பொருளியலாளர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்டறிந்ததை, நமக்கெல்லாம் பழக்கமான தமிழ்நாட்டு எஞ்சினியரிங் கதையோடு சேர்த்துப் பார்த்தால் விஷயம் எளிதில் பிடிபடும்.

வீட்டுக்குள் ஓடும் கணக்கு

பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் குடும்பம் இரண்டு செலவு செய்கிறது. கட்டணம், பஸ், ஹாஸ்டல், புத்தகம் என்று கையை விட்டுப் போகும் பணம் ஒன்று. படிக்காமல் வேலைக்குப் போயிருந்தால் அந்தப் பிள்ளை கொண்டுவந்திருக்கும் சம்பளம் இன்னொன்று. வசதியான வீட்டில் இந்த இரண்டாவதை யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்குப் போடுவோம். பிளஸ் டூ முடித்த பையன் ஏதோ ஒரு கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்து மாதம் 12 ஆயிரம் ரூபாய் கொண்டுவர முடியும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டில் அது 5 லட்சத்து 76 ஆயிரம். எஞ்சினியரிங் சேர்ந்தால் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 1 லட்சம் என்றால் நான்கு ஆண்டுக்கு 4 லட்சம். ஆக, அந்தக் குடும்பத்துக்கு ஒரு பி.இ. பட்டத்தின் விலை ஏறக்குறைய 10 லட்சம். படிப்பு முடித்து 28 ஆயிரம் சம்பளத்தில் சேர்கிறான். ஹெல்பராகப் போயிருந்தால் அதற்குள் 16 ஆயிரம் வாங்கிக்கொண்டிருப்பான். மாதம் 12 ஆயிரம் வித்தியாசம். போட்ட பணத்தை எடுக்கவே ஏழு ஆண்டு ஆகிவிடும். பட்டம் வாங்கியும் 16 ஆயிரத்திலேயே சேர நேர்ந்தால், போட்டது போட்டதுதான்.

எந்த வீட்டிலும் இதைத் தாளில் எழுதிப் பார்ப்பதில்லை. சம்பளம் போகப்போக உயரும் என்ற நம்பிக்கை, பட்டத்துக்கு ஊரில் கிடைக்கும் மரியாதை, கல்யாணப் பேச்சில் அதற்கு இருக்கும் மதிப்பு எல்லாம் இதே கணக்கில்தான் சேர்கின்றன. ஆனாலும் அடித்தளத்தில் இருப்பவை இரண்டு எண்கள்: படித்தால் என்ன சம்பளம், படிக்காவிட்டால் என்ன சம்பளம். இரண்டையும் தீர்மானிப்பது வேலைச் சந்தை. இரண்டில் எது நகர்ந்தாலும் பெற்றோரின் முடிவும் நகரும்.

வேலை வந்தால் படிப்பு வளருமா?

ஊருக்குள் புதிதாக வேலை வந்தால் பிள்ளைகள் அதிகம் படிப்பார்கள் என்றுதான் நமக்குத் தோன்றும். எப்போதும் அப்படி நடப்பதில்லை.

மெக்சிகோவில் 1986 முதல் 2000 வரை ஏற்றுமதித் தொழிற்சாலைகள் ஏராளமாக வந்தன. டேவிட் ஆட்கின் என்ற பொருளியலாளர் அந்தக் காலத்துத் தரவுகளை ஆராய்ந்தார். புதிதாக உருவான ஒவ்வொரு 25 வேலைக்கும் ஒரு மாணவர், பன்னிரண்டாம் வகுப்பு வரை போகாமல் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டார் என்று கண்டார். காரணம் நாம் மேலே பார்த்த இரண்டாவது எண். பெரிய படிப்பு கேட்காத வேலைக்குச் சம்பளம் கூடியதும், வகுப்பில் உட்கார்ந்திருப்பதன் விலை கூடிவிட்டது.

திருப்பூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. 1980-களிலும் 90-களிலும் பனியன் ஏற்றுமதி வளர்ந்தபோது, சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் எட்டாவது, ஒன்பதாவதோடு நின்று, தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்குப் போனார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கையில் வாரக் கூலி. பக்கத்து வீட்டுப் பையன் சம்பளக் கவரை அம்மாவிடம் கொடுப்பதைப் பார்த்த பிறகு, அல்ஜீப்ராவுக்கு ஒரு காரணம் சொல்வது வாத்தியாருக்கே கஷ்டம்.

இதற்கு நேரெதிரான கதை டெல்லியைச் சுற்றியுள்ள கிராமங்களில் நடந்தது. ராபர்ட் ஜென்சன் என்ற ஆய்வாளர், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த சில கிராமங்களுக்கு மட்டும் கால் சென்டர் போன்ற வேலைகளுக்கு ஆளெடுப்பவர்களை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அனுப்பினார். பெண்களுக்கு அந்த வேலை கிடைக்கும், அதற்கு இங்கிலீஷும் ஓரளவு கம்ப்யூட்டரும் தெரிந்தால் போதும் என்று எடுத்துச் சொல்ல வைத்தார். அந்தக் கிராமங்களில் இளம்பெண்கள் வேலைக்குப் போனார்கள், கல்யாணத்தையும் பிள்ளைப்பேற்றையும் தள்ளிப்போட்டார்கள். வேலைக்குப் போகும் வயது வராத சிறுமிகளும் கூடுதலாகப் பள்ளிக்குப் போனார்கள். அவர்களின் உடல்நிலைகூடத் தேறியது. யாரும் பள்ளிக்கூடம் கட்டவில்லை, உதவித்தொகை கொடுக்கவில்லை. பெண்ணுக்கு ஒரு வேலை இருக்கிறது என்று தெரிந்ததும், அவள் தட்டில் விழும் சாப்பாடு வரை மாறியிருக்கிறது. இந்தத் துறையில் நான் படித்த முடிவுகளில் என்னை மிகவும் உலுக்கியது இதுதான்.

மெக்சிகோவுக்கும் டெல்லிக்கும் இருக்கும் வித்தியாசம், அந்த வேலை எவ்வளவு படிப்பைக் கேட்கிறது என்பதில் இருக்கிறது. படிப்பு கேட்கும் வேலை பிள்ளையைப் பள்ளிக்குத் தள்ளும். படிப்பு கேட்காத வேலை பள்ளியிலிருந்து இழுக்கும். "எங்கள் மாவட்டத்துக்கு ஆலை வந்துவிட்டது, இனி எல்லாம் சரியாகிவிடும்" என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம், அந்த ஆலையில் எத்தனை பேருக்கு எந்தப் படிப்பு தேவை என்று கேட்கத் தோன்றுகிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை, பிளஸ் டூ முடித்த ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, முதல் சம்பளத்தைக் கொடுத்தது. 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. படிப்பை விட்டு வந்து அந்த எட்டு ஆண்டுகளில் சேர்ந்தவர்களுக்குக் கையில் மிஞ்சியது அதே பிளஸ் டூ சான்றிதழ்தான்.

தெரிந்தால்தானே கணக்கில் வரும்

கணக்கில் வருவது சந்தையில் உண்மையில் இருக்கும் சம்பளம் அல்ல, குடும்பத்துக்குத் தெரிந்த சம்பளம். இந்த இடைவெளி சிறியதாகத் தோன்றலாம், விளைவு பெரியது.

டொமினிகன் குடியரசில் எட்டாம் வகுப்புப் பையன்களிடம், படிப்பை முடித்தால் எவ்வளவு கூடுதலாகச் சம்பாதிக்கலாம் என்று கேட்டார்கள். உண்மையைவிட மிகக் குறைவான தொகையைச் சொன்னார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் உண்மையான சம்பள விவரம் சொல்லப்பட்டது. அடுத்த நான்கு ஆண்டுகளில் அவர்கள் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலான காலம் பள்ளியில் தங்கினார்கள். இதையும் செய்தவர் ஜென்சன்தான். ஆனால் மிக ஏழைப் பையன்களிடம் பெரிய மாற்றம் இல்லை. தகவல் போய்ச் சேர்ந்தது, பணம் இல்லை.

நம் பக்கத்திலும் ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. எமிலி ஆஸ்டரும் பிரைஸ் ஸ்டைன்பர்க்கும் தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களின் பள்ளிச் சேர்க்கை விவரங்களை எடுத்து, கால் சென்டர் போன்ற தகவல் தொழில்நுட்பச் சேவை மையங்கள் திறந்த இடங்களோடு பொருத்திப் பார்த்தார்கள். மையம் வந்த பிறகு பக்கத்துப் பள்ளிகளில் சேர்க்கை கூடியது, அதுவும் இங்கிலீஷ் மீடியத்தில். சில கிலோமீட்டர் தள்ளிப் போனால் அந்த விளைவைக் காணோம். பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் வேலை இருந்தும், அந்த வேலை இருப்பதே அடுத்த ஊருக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

எஞ்சினியரிங் அலை

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்கு வருவோம். கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வேர் 1794-ல் தொடங்கிய நில அளவைப் பள்ளியில் இருக்கிறது. ஆனாலும் 1980-களின் தொடக்கம் வரை எஞ்சினியரிங் என்பது சில ஆயிரம் பேருக்கு மட்டும் எட்டும் படிப்பு. எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1984-ஐ ஒட்டி, சுயநிதிக் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. அதே காலத்தில் நுழைவுத் தேர்வும் வந்தது. 1991-ல் பொருளாதாரம் திறக்கப்பட்டது. 1990-களின் பிற்பாதியில் ஐடி கம்பெனிகள் எந்தக் கிளை படித்தவராக இருந்தாலும் எடுக்க ஆரம்பித்தன. 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பின.

ஒற்றைச் சாளரக் கவுன்சலிங் வந்த பிறகு, கட்-ஆஃப் இருந்தால் சிபாரிசு இல்லாமல் சீட் என்ற நம்பிக்கை கிராமங்கள் வரை போனது. 2007 சேர்க்கையிலிருந்து நுழைவுத் தேர்வு எடுக்கப்பட்டது. கோச்சிங் போக வழியில்லாத பிள்ளைகளுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்றானது. 2010-ல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. வங்கிகள் 4 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் கல்விக் கடன் கொடுத்தன. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்ததில் கல்லூரிகளின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டியது.

இந்த அலையை வெறும் வியாபாரம் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. விவசாயக் கூலி, லாரி ஓட்டுநர், தீப்பெட்டித் தொழிலாளி, நெசவாளி வீடுகளிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் ஒரே தலைமுறையில் மாதச் சம்பளத்துக்கு வந்தார்கள். அப்பா ஓட்டு வீட்டை மாற்றிக் கட்டியது, தங்கைக்குக் கல்யாணம் நடந்தது, அம்மாவின் மூட்டு ஆபரேஷன் தனியார் மருத்துவமனையில் நடந்தது எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான். 2021-22 கணக்கெடுப்பின்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்தியாவில் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 47. இது சாதாரண வித்தியாசம் இல்லை.

சிக்கல், யார் எப்போது சேர்ந்தார்கள் என்பதில் இருக்கிறது.

சின்ன வெங்காயம் கிலோ 100 ரூபாய்க்கு விற்கும் ஆண்டில் எல்லோரும் வெங்காயம் நடுவார்கள். அறுவடை ஒரே நேரத்தில் வரும், விலை 15 ரூபாய்க்கு இறங்கும். அடுத்த ஆண்டு யாரும் வெங்காயம் நட மாட்டார்கள், விலை மறுபடி ஏறும். அமெரிக்க எஞ்சினியர்களின் சம்பளமும் சேர்க்கையும் இதே போலத்தான் ஏறி இறங்குகின்றன என்று ரிச்சர்ட் ஃப்ரீமன் 1970-களிலேயே காட்டினார். சேரும்போது பார்த்த சம்பளம் ஒன்று. நான்கு ஆண்டு கழித்து வெளியே வரும்போது, அதே சம்பளத்தைப் பார்த்துச் சேர்ந்த எல்லோரும் கூடவே வெளியே வருகிறார்கள்.

இங்கே நடந்ததைப் பாருங்கள். 2000-ஐ ஒட்டிக் கம்ப்யூட்டர், ஐடி, ஈசிஇ என்று அடித்துக்கொண்டார்கள். இணையக் கம்பெனிகள் ஒரேயடியாக விழுந்த டாட்காம் சரிவு வந்ததும் வேகம் குறைந்தது. பிறகு மறுபடி ஏறியது. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க வங்கி விழுந்ததும் கேம்பஸில் வாங்கிய ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அதைப் பார்த்த அடுத்தடுத்த பேட்ச்கள் மெக்கானிக்கலுக்கும் சிவிலுக்கும் ஓடின. சில ஆண்டுகளில் அந்தக் கிளைகளில் படித்து வந்தவர்களுக்கு வேலை போதவில்லை. மெக்கானிக்கல் சீட்கள் காலியாகக் கிடந்தன. 2021-22-ல் கொரோனாவுக்குப் பிந்தைய வேகத்தில் ஐடி கம்பெனிகள் கூட்டம் கூட்டமாக ஆள் எடுத்தன. மறுபடி எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸ், அதோடு செயற்கை நுண்ணறிவு, டேட்டா சயின்ஸ் என்று புதுப் பெயர்கள். அவர்கள் இறுதியாண்டுக்கு வருவதற்குள் கேம்பஸில் ஆள் எடுப்பது சுருங்கிவிட்டது. இதற்கு நடுவே, புதிதாகச் சேர்பவருக்குப் பெரிய ஐடி கம்பெனிகள் கொடுக்கும் சம்பளம் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஆண்டுக்கு 3 லட்சம், மூன்றரை லட்சம் என்ற அளவிலேயே நிற்கிறது. அரிசி விலையும் வாடகையும் நிற்கவில்லை.

எஞ்சினியரிங் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2000-களின் நடுவில் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் ஊருக்கு ஊர் முளைத்தன. "ரெண்டு வருஷம் டீச்சர் ட்ரெய்னிங், அப்புறம் எம்ப்ளாய்மென்ட் சீனியாரிட்டியில் கவர்ன்மென்ட் வேலை" என்று நகையை அடகு வைத்துப் பெண்பிள்ளைகளைச் சேர்த்தார்கள். பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயமானது. 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வில் ஒரு விழுக்காட்டினர்கூடத் தேறவில்லை. விதி மாறியது நடுவழியில். நகை மூழ்கியது சேர்த்தவர்களுக்கு.

கடைசியில் வருகிறவர்கள்

அலை எழும்போது முதலில் ஏறுபவர்கள், நகரத்தில் இருப்பவர்களும் உறவில் படித்தவர்கள் உள்ளவர்களும். 1990-களில் எஞ்சினியரிங் சேர்ந்தவர்களில் அவர்கள் அதிகம். அவர்கள் சம்பாதிப்பதைப் பார்த்து இரண்டாம் சுற்று. அந்தச் செய்தி கடைக்கோடிக் கிராமத்துக்குப் போய், நம்பி, கடன் வாங்கி, பிள்ளையை அனுப்பும்போது அலை இறங்கத் தொடங்கியிருக்கும். மிகக் குறைந்த பணம் உள்ளவர்கள், மிக அதிக விலை கொடுத்து, மிகத் தாமதமாக வருகிறார்கள்.

2018 முதல் கவுன்சலிங் ஆன்லைனில் நடக்கிறது. சென்னைக்கு அலைய வேண்டியதில்லை, நல்ல மாற்றம்தான். ஆனால் சிறு ஊர் பிரவுசிங் சென்டரில் விருப்பப் பட்டியல் நிரப்பும் நாளில் போய் உட்கார்ந்து பாருங்கள். 200-க்கு 140 கட்-ஆஃப் வைத்திருக்கும் பையன், பக்கத்தில் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்த அப்பா. திரையில் நூற்றுக்கணக்கான கல்லூரிக் குறியீட்டு எண்கள். "எந்தக் காலேஜ் போடறது?" என்று சென்டர்க்காரர் கேட்கிறார். அப்பா பையனைப் பார்க்கிறார். பையனுக்குத் தெரிந்தது, பள்ளிக்கு வந்து நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போன இரண்டு கல்லூரிகளும், பஸ் தங்கள் ஊர் வழியாக வரும் ஒரு கல்லூரியும். பின்னால் வரிசை நிற்கிறது. சென்டர்க்காரரே தனக்குத் தெரிந்த பத்துப் பதினைந்து எண்களைத் தட்டிவிட்டு, ஓடிபி கேட்டு, லாக் பண்ணிவிடுகிறார். அரை மணி நேரம். அதே நாளில் நகரத்து வீட்டில், மூன்று ஆண்டு கட்-ஆஃப் பட்டியலை எக்செல்லில் போட்டு, சீனியர் அண்ணன் ஒருவரோடு போனில் பேசி, 80 விருப்பங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருப்பார்கள். அதே கட்-ஆஃபில் இரண்டு பிள்ளைகள் இரண்டு தரத்துக் கல்லூரிக்குப் போவது இப்படித்தான்.

ஆள் பலம்

வேலைக்குள் நுழைய சான்றிதழோடு ஆளும் வேண்டியிருக்கிறது. இதைப் பற்றி மும்பையில் ஓர் அருமையான ஆய்வு உண்டு. கைவன் முன்ஷியும் மார்க் ரோசன்ஸ்வீக்கும் தாதர் பகுதிப் பள்ளிகளில் இருபது ஆண்டுச் சேர்க்கையைப் பார்த்தார்கள். 1990-களில் இங்கிலீஷ் படித்தவர்களுக்குச் சம்பளம் வேகமாகக் கூடியது. ஆனாலும் உழைக்கும் சாதிகளைச் சேர்ந்த குடும்பங்கள் மகன்களைத் தொடர்ந்து மராத்தி மீடியத்திலேயே அதிகம் சேர்த்தன. காரணம், அந்தப் பையன்களுக்கு அப்பாவும் சித்தப்பாவும் தங்கள் தொழிலில் வேலை பிடித்துக் கொடுப்பார்கள். பல தலைமுறையாக அவர்களைக் காப்பாற்றிய ஏற்பாடு அது. மகள்களுக்கு அந்த ஆள் பலம் எப்போதும் கிடையாது. அதனால் அவர்களை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்ப்பதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. சாதிகளுக்கிடையே இருந்த இடைவெளி பெண்பிள்ளைகளிடம் வேகமாக மறைந்தது, பையன்களிடம் நின்றது. நேற்று வரை சோறு போட்ட தொடர்பு, சந்தை திரும்பும்போது காலைக் கட்டிவிட்டது.

ஐடியிலும் இதே கதையின் இன்னொரு பக்கம் உண்டு. ரெஃபரல் மூலம் ஆள் எடுக்கும்போது, உள்ளே தெரிந்தவர் இருக்கும் பிள்ளையின் ரெஸ்யூமே மேஜைக்குப் போகிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு ரெஸ்யூமேயைத் திருத்திக் கொடுக்கக்கூட வீட்டில் ஆள் இல்லை.

மேலே வந்தோமா, கூடவே நகர்ந்தோமா?

சமூகத்தில் ஒருவர் மேலே வருவதை இரண்டு விதமாக அளக்கலாம். அப்பாவைவிட மகளுக்கு அதிகப் படிப்பு, அதிக வருமானம் என்றால் அது ஒரு முன்னேற்றம். அப்பா ஊரில் வருமான வரிசையில் எந்த இடத்தில் இருந்தார், மகள் எந்த இடத்தில் இருக்கிறாள் என்பது வேறு அளவு. எல்லோருக்கும் படிப்பு கூடினால் முதலாவது கூடும். இரண்டாவது அப்படியே நிற்கலாம். அப்பா எட்டாவது படித்துவிட்டு மில்லில் சூப்பர்வைசர் ஆனார். மகன் பி.இ. முடித்துவிட்டு அதற்கு இணையான வேலையில்தான் சேர்கிறான், ஏனென்றால் இப்போது அந்த வேலைக்கே பி.இ. கேட்கிறார்கள். வீட்டுக்கு இது பெரிய மனக்கசப்பு, நியாயமான மனக்கசப்பு.

2022-ல் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்கு 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். முதலில் அறிவித்த இடங்கள் 7,301. கேட்ட தகுதி பத்தாம் வகுப்பு. விண்ணப்பித்தவர்களில் பட்டதாரிகள் ஏராளம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2024 இந்திய வேலைவாய்ப்பு அறிக்கைப்படி, 2022-ல் பட்டம் பெற்ற இளைஞர்களில் வேலை இல்லாதவர்கள் 29.1 விழுக்காடு. எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் 3.4. படிக்காதவர்களுக்கு நல்ல வேலை காத்திருக்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. அவர்களால் ஒரு நாள்கூடச் சும்மா இருக்க முடியாது. கிடைத்த கூலிக்குப் போகிறார்கள். பட்டதாரிக்குப் பின்னால் இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்கச் சொல்லும் ஒரு குடும்பம் இருக்கிறது, படிப்புக்கேற்ற வேலைதான் வரவில்லை.

அரசு இந்த இடத்தில் செய்யும் சில காரியங்கள் கணக்கின் எண்களையே மாற்றுகின்றன. 1989 முதல், ஓரளவு படித்த ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்கு மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் நிதியுதவி கொடுக்கப்பட்டு வந்தது. 2022-ல் அது புதுமைப் பெண் திட்டமானது: அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய், அவள் வங்கிக் கணக்கிலேயே. கல்யாணத்துக்குப் போன பணம் காலேஜுக்குப் போகிறது. 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு எஞ்சினியரிங் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம். அவர்களின் கல்விக் கட்டணத்தையும் ஹாஸ்டல் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. செலவுப் பக்கத்தை இவை வெகுவாகக் குறைக்கின்றன. வேலைப் பக்கம் இன்னும் குடும்பத்தின் தலையில்தான் இருக்கிறது.

முடிவெடுக்கும் வீட்டில்

ஐந்தாறு ஆண்டு கழித்து எந்தத் துறை ஓடும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள், குறிப்பாக அவர் ஒரு கல்லூரியின் ஆளாக இருந்தால். ஆனால் இன்றே பார்க்கக்கூடிய விஷயங்கள் உண்டு. கல்லூரி வாரியாகத் தேர்ச்சி விழுக்காட்டை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது; பாதிப் பேர் அரியரோடு நிற்கும் கல்லூரியை அதில் அடையாளம் காணலாம். பிளேஸ்மென்ட் பேனரில் போடும் உச்சச் சம்பளம் ஒரே ஒரு மாணவருடையதாக இருக்கலாம். போன ஆண்டு நீங்கள் சேரப்போகும் கிளையில் எத்தனை பேர் படித்தார்கள், அதில் எத்தனை பேர் உண்மையில் வேலையில் சேர்ந்தார்கள், நடுவில் இருப்பவர் என்ன வாங்குகிறார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதுவும் ஒரு பதில். கல்லூரி வாசலில் நிற்கும் இறுதியாண்டு மாணவர்களிடம் பேசினால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

கடன் வாங்குவதாக இருந்தால் தவணையை முன்பே கணக்குப் போடுங்கள். 4 லட்சம் ரூபாய், 10 விழுக்காடு வட்டி, ஏழு ஆண்டுத் தவணை என்றால் மாதம் 6,600 ரூபாய்க்கு மேல் வரும். படிக்கும் காலத்து வட்டி சேர்ந்தால் இன்னும் கூடும். 15 ஆயிரத்தில் வேலைக்குச் சேரும் பிள்ளை, வெளியூரில் ரூம் வாடகை கொடுத்துவிட்டு இதைக் கட்ட முடியாது.

பணம் இறுக்கமாக இருக்கும் வீடுகளுக்கு, டிப்ளமோ வழியை நான் தயங்காமல் சொல்வேன். பத்தாவது முடித்து மூன்று ஆண்டு அரசு பாலிடெக்னிக், செலவு மிகக் குறைவு. 18, 19 வயதில் வேலைக்குப் போகலாம். வேலையில் இருந்தபடி சந்தையைப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றால் நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ.யில் சேரலாம், சில கல்லூரிகளில் வேலை பார்த்துக்கொண்டே மாலை நேரத்தில் படிக்கவும் இடம் உண்டு. 15 வயதில் ஒரே மூச்சில் எடுக்க வேண்டிய முடிவை இது இரண்டாகப் பிரித்துத் தருகிறது. இரண்டாவது முடிவை எடுக்கும்போது அந்தப் பிள்ளைக்கு வயது கூடியிருக்கும், கையில் சொந்தச் சம்பளம் இருக்கும், அந்தத் தொழிலில் யாருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று நேரில் பார்த்தும் இருக்கும்.